வண்டி அவிழ்க்கும் இடம்

நெடுவழி செல்வோர் இருவகையினர். இரவு தங்குதற்குப் பிறர் மனையையோ சத்திரத்தையோ நாடுவோர் ஒரு வகையினர்; தம் மனையையே தம்முடன் கொண்டு செல்வோர் மற்றொரு வகையினர். இவருள் பின்னவர் செலவு மேனாட்டார் கண்ட புதுமை எனப் பலர் கருதுவர். மோட்டார் காரின் பின்னே சிறியதொரு வீட்டைப் பூட்டி, அடுப்பும் படுக்கையும் அதனுள் அமைத்து, பல நூறு கிலோமீட்டர் இழுத்துச் சென்று, காடும் மலையும் கண்டு மீளும் வழக்கம் அந்நாடுகளில் மிகுந்துள்ளமையே இக்கருத்துக்குக் காரணமாகும். அவ்வூர்தியைக் கேரவன் என்பர். நம் நாட்டிலும் அதன் பெயர் இப்போது பரவி வருகின்றது. நடுவணரசின் சுற்றுலா அமைச்சகம் 2010ஆம் ஆண்டில் கேரவன் பயணத்திற்கென ஒரு கொள்கை வகுத்தது. கேரள அரசு 2021ஆம் ஆண்டில் தனக்கென ஒன்று வகுத்தது.

தஞ்சையினின்று நீலகிரி மாவட்டத்து முதுமலைத் தேசியப் பூங்காவிற்கு இத்தகைய வீட்டுவண்டி ஒன்றை இழுத்துச் செல்ல விரும்புவோர், எவற்றை எம்முறையில் எண்ணித் துணிதல் வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இத்தகைய செலவில் புறப்படும் நாளைப் பற்றியும் காணப்போகும் காட்சியைப் பற்றியுமே பலரும் முதலில் பேசுவர். நம் காவிரி நாட்டு வண்டிக்காரரோ, வாடகை பேசும்போதே, "எங்கே அவிழ்க்கிறது?" என்று கேட்பர். மாட்டை அவிழ்க்க நிழலும் நீரும் உள்ள இடம் தெரிந்தாலன்றி அவர் நுகத்தடியைத் தொடார். அக்கேள்வியையே மோட்டார் வண்டிக்கும் முதற்கேள்வியாகக் கொள்ளுதல் வேண்டும் என்பது எம் கருத்து.

பழைய வழக்கு

வீட்டையே வண்டியாக்கிச் செல்லும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. நெய்தல் நிலத்தில் விளைந்த உப்பை ஏற்றிக்கொண்டு உள்நாடு சென்ற உமணரின் வண்டித்தொடர் பெரும்பாணாற்றுப்படையில் விரிவாகக் கூறப்படுகின்றது. கோழி தங்குதற்கு அவ்வண்டியிலேயே கூடு இருந்தது. காடி வைத்த கலம் அதில் தொங்கிற்று. கைக்குழந்தையை உடைய பெண்ணொருத்தி எருதுகளைப் பின்னிருந்து ஓட்டினாள். உணவும் குழந்தையும் கோழியும் உடன் செல்லுமாயின் அதனை வீடு என்னாது வேறென்னென்பது? இன்னும், மேட்டிலும் பள்ளத்திலும் அச்சு முறியக்கூடும் என்று அஞ்சிய உமணர், வண்டியின் கீழே சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர் என்பது புறநானூற்றில் ஔவையார் பாடல் ஒன்றினால் விளங்கும். இன்றைய கார்களில் வைக்கப்படும் மாற்றுச் சக்கரத்தின் மூதாதை அதுவே.

அண்மைக் காலம் வரையில் நம் மாவட்டத்திலும் குடும்பத்தோடு கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வைத்தீசுவரன் கோயிலுக்கும் நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் செல்லும் வழக்கம் இருந்தது. வைக்கோல் பரப்பி, அதன்மேல் சமுக்காளம் விரித்து, கட்டுச்சோற்று மூட்டையும் தண்ணீர்ப் பானையும் வைத்துச் சென்ற அவ்வண்டிகளை நம் பாட்டனார் பாட்டியார் நன்கறிவர்.

மேனாட்டில் இன்பச் செலவிற்கென்றே கட்டப்பெற்ற முதல் வீட்டுவண்டியாகக் கூறப்படுவது, கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர் 1885ஆம் ஆண்டில் செய்வித்த 'வாண்டரர்' என்பதாம். இரு குதிரைகள் இழுத்த அவ்வண்டியில் அவர் இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் நகர் வரையில் சென்றார். பெரிய வண்டி வருவதை எதிர்வருவோர்க்கு அறிவிக்க, பணியாளன் ஒருவன் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே செல்வானாம். முன்வழி அறிந்து பின்வண்டி செலுத்துதல் என்பது அன்றே கைக்கொள்ளப்பட்ட நெறி என்பது இதனால் புலனாகும்.

பாரம்

வீட்டுவண்டியின் திட்டத்தில் முதலில் கணக்கிட வேண்டுவது பாரம். மயிற்பீலியேயாயினும் அளவு கடந்து ஏற்றின் அச்சு முறியும் என வள்ளுவர் கூறியதை நாம் பொருட்பாலில் உவமையாகவே படித்திருக்கின்றோம். ஈண்டு அஃது உவமையன்று, நேர்ப்பொருளேயாம்.

ஒரு கணக்கைக் காண்போம். ஒற்றை அச்சுடைய சிறு வீட்டுவண்டி ஒன்றின் வெற்றெடை 700 கிலோகிராம் எனவும், அதனைச் செய்தோர் அனுமதித்த முழு எடை 900 கிலோகிராம் எனவும் கொள்வோம். ஏற்றத்தக்கது 200 கிலோகிராம் மட்டுமே. தண்ணீர் 60 லிட்டர், அதாவது 60 கிலோகிராம். மெத்தையும் போர்வையும் 30. அடுப்பு, சிறிய எரிவாயு உருளை, பாத்திரங்கள் ஆகியவை 40. அரிசி, பருப்பு முதலியன 25. நால்வர் உடைகள் 40. மாற்றுச் சக்கரம், ஜாக்கி, சக்கரத்திற்கு முட்டுக்கொடுக்கும் கட்டைகள் 35. கூட்டிப் பார்ப்பின் 230 ஆகின்றது. ஆடம்பரப் பொருள் ஒன்றும் இப்பட்டியலில் இல்லை. எனினும் வரம்பை 30 கிலோகிராம் மீறிவிட்டோம். இதற்குப் பரிகாரம் தண்ணீரில் உள்ளது. வழிநெடுகிலும் ஊர்கள் உண்டாதலின், 20 லிட்டர் மட்டும் கொண்டு சென்று, தங்குமிடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். 40 குறைய, ஏற்றிய பாரம் 190 ஆகும். முழு எடை 890. காவிரிக்கரையினின்று புறப்படுவோர்க்குத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லுதல் வருத்தம் தரலாம். ஆயினும் கணக்கிற்குக் கண்ணோட்டம் இல்லை.

மனக்கணக்கோடு நில்லாது, நெல் ஏற்றிய லாரிகளை நிறுக்கும் எடைமேடை ஒன்றில் வண்டியை ஏற்றி மெய்யெடையை அறிந்துகொள்ளுதல் வேண்டும். நம் மாவட்டத்தில் அரிசி ஆலைகள் மலிந்துள்ளமையின் இஃது எளிதே. இழுக்கும் காருக்கு எவ்வளவு இழுக்கும் தகுதி உண்டு என்பதை அதன் கைந்நூலில் காணலாம். அத்தகுதிக்கு உட்பட்டே, புதிதாக இழுக்கப் பழகுவோர்க்கு வீட்டுவண்டியின் முழு எடை காரின் எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டாதிருத்தல் நலம் என்பது பிரிட்டிஷ் கேரவன் செலவினர் கொண்ட வழக்கம். இதன்படி 890 கிலோகிராம் வண்டிக்கு ஏறத்தாழ 1,050 கிலோகிராமேனும் எடையுள்ள கார் வேண்டும்.

மொத்த எடையினும் நுட்பமானது அவ்வெடை நிற்கும் இடம். மாட்டு வண்டியில் முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி எருதின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்ப, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். ஆகவே நெல்மூட்டை ஏற்றுவோர் கடைசி மூட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்தி, நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்துச் சமன் செய்வர். வீட்டுவண்டிக்கும் விதி இதுவே. மொத்த எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, அதாவது நம் கணக்கில் 90 கிலோகிராம் அளவு, காரின் கொக்கியின்மேல் அமர்தல் வேண்டும். அவ்வளவைத் தாங்கக் கொக்கிக்குத் தகுதி உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்பாரம் மிகுந்த வீட்டுவண்டி, வேகம் கூடியவுடன் பாம்பின் வாலெனப் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். அவ்வாட்டம் தொடங்கிய பின் ஸ்டியரிங்கை வெடுக்கெனத் திருப்புதலும் பிரேக்கைத் திடீரென அழுத்துதலும் அதனை மிகுவிக்கும். வேகத்தை மெல்லக் குறைப்பதே தணிக்கும் வழி. வண்டிகள் கவிழ்ந்து உயிர்ச்சேதம் நேர்வதற்கு இவ்வாட்டம் ஒரு பெருங்காரணமாகலின், கனமான பொருள்களை அச்சின்மேலும் அதற்குச் சற்று முன்னும், தரையையொட்டி வைத்தல் வேண்டும். இழுத்துச் செல்லும்போது வீட்டுவண்டிக்குள் எவரும் இருத்தல் ஆகாது.

பின்னோக்கிச் செலுத்துதல் தனிக்கலை. காரின் ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்பின் வீட்டுவண்டியின் பின்புறம் இடப்புறம் போகும். இதனை நூலிற் கற்பதினும், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாயிலில் நின்று, டிராக்டர் ஓட்டுநர் நெல் நிறைந்த டிரெய்லரைக் குறுகிய களத்திற்குள் ஒரே முயற்சியில் பின்னேற்றுவதைக் கண்டு கற்றல் நன்று. அவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதையும், ஸ்டியரிங்கைச் சிறிது சிறிதாகவே அசைப்பதையும் கூர்ந்து நோக்குக. பின்னர் வெற்றுக்களம் ஒன்றில் பலநாள் பழகுக.

சட்ட நோக்கும் மறத்தற்கில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இழுக்கப்படும் டிரெய்லரையும் மோட்டார் வாகனம் என்றே கொள்கின்றது. ஆதலின் அதற்கும் பதிவு வேண்டும். பதிவெண்ணும் பின்விளக்குகளும் காப்புறுதியும் வேண்டும்.

பருவம்

எப்பொழுது செல்வது என்னும் வினாவிற்கு மலையும் வயலும் வேறுவேறு விடை கூறுகின்றன. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நீலகிரிச் சரிவுகளில் மண்சரிவை விளைவிக்கும்; 2009ஆம் ஆண்டு நவம்பரில் நேர்ந்த சரிவுகளில் பல உயிர்கள் மாண்டன. சித்திரை வைகாசியில் உதகமண்டலத்தில் மக்கள் நெருக்கம் மிகுதி. ஆனி முதல் மேட்டூர் நீரை எதிர்நோக்கிக் குறுவை வேலை தொடங்கிவிடும். வேளாண் குடியினர் ஊரை விட்டு நகர்தல் இயலாது. மலைக்கு ஏற்ற தை மாதத்திலோ சம்பா அறுவடை நடக்கும். அறுத்த நெல்லை விற்றுப் பணம் கைக்கு வருமுன் எக்குடும்பம் இன்பச் செலவை எண்ணும்?

எனவே, நம்மவர்க்கு வாய்க்கும் காலம், நெல் கொள்முதலான பின்னர், மாசியின் முற்பகுதியே. அப்போது சாலை உலர்ந்திருக்கும். இலையுதிர்ந்த காட்டில் விலங்குகள் நீர்நிலை நாடி வருதலால் அவற்றைக் காண்டலும் எளிது. ஆனால் காட்டுத்தீக்கு அஞ்சும் காலமும் அதுவே. தீயச்சம் மிகும் ஆண்டுகளில் வனத்துறையினர் பார்வையாளரை அனுமதியாதிருத்தல் உண்டு. ஆகலின் புறப்படுமுன் வினவி அறிந்துகொள்ளுதலும், அனுமதி இல்லையெனில் மனங்கோணாது செலவைத் தள்ளிவைத்தலும் திட்டத்தின் பகுதிகளேயாம்.

இரு வழிகள்

தஞ்சையினின்று முதுமலை செல்லத் தக்க வழிகள் இரண்டு. முதலாவது, திருச்சிராப்பள்ளி, கரூர், காங்கேயம், கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் வழியாக நீலகிரி ஏறி, உதகமண்டலம், கூடலூர் கடந்து தெப்பக்காடு சேர்வது. ஏறத்தாழ 420 கிலோமீட்டர். இரண்டாவது, கரூரிலிருந்து வடக்கே திரும்பி, நாமக்கல், சேலம், கிருட்டிணகிரி, ஓசூர், பெங்களூரு, மைசூரு, குண்டுலுப்பேட்டை வழியாகப் பந்திப்பூர்க் காட்டினூடே தெப்பக்காட்டை அடைவது. ஏறத்தாழ 670 கிலோமீட்டர்.

முதல் வழியிலுள்ள இடர் மலையேற்றம். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்தினின்று 300 மீட்டருக்குச் சற்று மிகுந்த உயரத்தில் உள்ளது. உதகமண்டலமோ ஏறத்தாழ 2,200 மீட்டர். ஐம்பது கிலோமீட்டர் அளவான சாலையில் இவ்வுயரத்தை ஏறுதல் வேண்டும். மேட்டுப்பாளையத்திற்கும் குன்னூருக்கும் இடையில் 14 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. வளைவில் திரும்பும்போது, பின்னே வரும் வண்டியின் சக்கரங்கள் காரின் சக்கரம் சென்ற தடத்தில் செல்லாமல் உட்புறம் ஒடுங்கிச் செல்லும். ஆகவே ஓட்டுநர் வெளிப்புறம் அகன்று திரும்புதல் வேண்டும். அவ்வாறு அகன்றால் எதிரே இறங்கும் பேருந்திற்கு வழியிராது. வளைவின் நடுவே நின்று பின்வாங்க நேரின், முன்னே மலையும் பின்னே பள்ளமுமாக நிற்பவன் நிலை இரங்கத்தக்கது. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையோ 36 வளைவுகளை உடையது. மிகச் செங்குத்தான அவ்விறக்கத்தில் வெளி மாவட்ட வண்டிகள் செல்லத் தடை உண்டு. ஆதலால் கூடலூர் வழியே கொள்ளத்தக்கது.

இரண்டாம் வழியில் கொண்டையூசி வளைவுகள் இல்லை. சேலத்திற்கு அப்பால் தொப்பூர்க் கணவாயில் ஓர் ஏற்றம் உண்டு. ஏனையவை மேட்டுநிலத்தின்மேல் படிப்படியாக உயரும் அகன்ற நெடுஞ்சாலைகளே. ஆயினும் 250 கிலோமீட்டர் மிகுதி. போக வர 500 கிலோமீட்டர். எரிபொருளும் சுங்கமும் நாட்களும் அதற்கேற்பக் கூடும்.

இவ்விரண்டையும் ஒப்பிடும் அளவில் நின்றுவிட்டால், வளைவுக்கு அஞ்சுவோர் சுற்றுவழியையே தேர்வர். ஆனால் நாம் முதலில் எழுப்பிய வினாவை இங்கே மீண்டும் கேட்டல் வேண்டும்: வண்டியை எங்கே அவிழ்ப்பது?

காட்டின் ஒழுங்கு

முதுமலை 1940ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக அமைக்கப்பட்டது. 1990இல் அதன் ஒரு பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 2007இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வடக்கே பந்திப்பூர், மேற்கே வயநாடு, கிழக்கே சத்தியமங்கலம் எனத் தொடரும் பெருங்காட்டின் நடுக்கண்ணி அது. யானைகள் இக்காடுகளுக்கிடையே பருவந்தோறும் நீரும் உணவும் நாடி நடந்துகொண்டே இருப்பன. அவற்றின் வழித்தடத்தைக் காத்தல் வேண்டும் என்றும், சிகூர்ப் பீடபூமியில் அத்தடத்தில் அமைந்த விடுதிகள் அகற்றப்படல் வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2020ஆம் ஆண்டு அக்டோபரில் தீர்ப்பளித்தது. மனிதர் கட்டிய நிலையான விடுதிகளுக்கே இடமில்லை என்று முடிவான இடத்தில், உருண்டு வரும் நம் வீட்டிற்கு இடம் கேட்டல் முறையாகுமா?

பந்திப்பூர்க் காட்டினூடே செல்லும் நெடுஞ்சாலைகளில் 2009ஆம் ஆண்டு முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை செய்யப்பட்டுள்ளது. இரவில் விரைந்த வண்டிகளில் அடிபட்டு விலங்குகள் மாண்டமையே இதற்குக் காரணம். பகலிலும் வழியில் வண்டியை நிறுத்துதல், இறங்குதல், ஒலியெழுப்புதல், விலங்கிற்கு உணவிடுதல் ஆகியவை கூடா. காட்டினுள் தங்க விரும்புவோர்க்கு வனத்துறையின் விடுதிகள் உள்ளன. காட்டைக் காணத் துறையின் ஊர்திகள் தெப்பக்காட்டிலிருந்து செல்கின்றன. நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வண்டிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024ஆம் ஆண்டு மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. 2025ஆம் ஆண்டுக் கோடையில் நாளொன்றுக்கு வாரநாட்களில் 6,000 வண்டிகளும் வார இறுதியில் 8,000 வண்டிகளுமே எனவும் வரையறுக்கப்பட்டது. செல்லும் காலத்து விதி யாதென அவ்வப்போது அறிந்து நடத்தல் நம் கடமை.

இவற்றையெல்லாம் கூட்டி நோக்கின் ஓர் உண்மை தெற்றென விளங்கும். எவ்வழியில் சென்றாலும் வீட்டுவண்டி காட்டினுள் தங்குவதற்கில்லை. காட்டிற்கு வெளியே ஓரிடத்தில் அவிழ்த்தே ஆகவேண்டும். சுற்றுவழியில் அவ்விடம் மைசூரு. தஞ்சையினின்று ஏறத்தாழ 580 கிலோமீட்டர் இழுத்த பின்னர் அடைவது. நேர்வழியில் அவ்விடம் மேட்டுப்பாளையம். ஏறத்தாழ 300 கிலோமீட்டரிலேயே வந்துவிடும். மலையடிவாரத்தில் வண்டியை அவிழ்த்துவிட்டால், நாம் அஞ்சிய 14 வளைவுகளையும் வெறுங்கார் எளிதில் ஏறும். வளைவைத் தவிர்த்தற்கென்று 250 கிலோமீட்டர் சுற்றவேண்டுவதில்லை. வளைவு தொடங்குமுன் அவிழ்த்தலே போதுமானது. அவிழ்க்கும் இடத்தை முதலில் தீர்மானித்தவனுக்கு வழி தானே தெளிந்துவிடுகின்றது.

நாள்வரிசை

முதல் நாள் தஞ்சையிலிருந்து கரூர், ஏறத்தாழ 140 கிலோமீட்டர். வீட்டுவண்டியுடன் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேற்செல்லாது ஓட்டினால், ஊர்களும் நிறுத்தங்களும் உட்பட, சராசரி 40 கிலோமீட்டரே கிடைக்கும். மூன்றரை மணி நேரம் ஆகும். விடியலில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் சேரலாம். புறப்பட்டு 50 கிலோமீட்டர் சென்றவுடன் நிறுத்திச் சக்கர ஆணிகளையும் கொக்கியையும் காப்புச் சங்கிலியையும் டயர்க் காற்றையும் பார்த்தல் வேண்டும். திருச்சிக்கு அப்பால், குளித்தலை வழியாகக் கரூர் வரையில், காவிரி வலப்புறத்தே உடன்வரும்.

இரண்டாம் நாள் கரூரிலிருந்து மேட்டுப்பாளையம், ஏறத்தாழ 165 கிலோமீட்டர். வண்டியிழுக்கும் காளைகளுக்குப் பெயர்பெற்ற காங்கேயம் இவ்வழியிலேயே உள்ளது. கோயம்புத்தூர் நகரின் நெருக்கத்தைக் காலை, மாலை வேளைகளில் தவிர்த்து நண்பகலில் கடத்தல் நன்று.

இரவில் அவிழ்க்கும் இடம் சாலையோரமாதல் கூடாது. சுற்றுச்சுவரும் காவலும் தண்ணீரும் கழிப்பிடமும் உள்ள முற்றமாதல் வேண்டும். உரியவர் இசைவை முன்னரே பெறுதலும் வேண்டும். நம் கல்லூரிப் பழைய மாணவர் இல்லாத ஊர் இவ்வழியில் அரிது. கரூரிலும் மேட்டுப்பாளையத்திலும் வாழும் பெரியோர்க்கு ஒரு மாதம் முன்னதாகக் கடிதம் எழுதினால், இடம் தந்து உதவுதலோடு, வீட்டுவண்டியை நான்கு நாள் பார்த்துக்கொள்ளவும் மறுக்கமாட்டார் என நம்புகின்றோம். இக்கட்டுரையை அவர்கள் படிக்க நேரின், இதனையே முன்விண்ணப்பமாகக் கொள்வாராக!

மூன்றாம் நாள் ஓய்வு. நான்காம் நாள் அதிகாலையில், வேண்டிய உடையும் உணவும் மட்டும் கொண்டு, காரில் மலையேறுதல். உதகை, கூடலூர் வழியாகத் தெப்பக்காடு ஏறத்தாழ 120 கிலோமீட்டர். மலைச்சாலையாதலின் ஐந்து மணி நேரம் கொள்க. முன்பதிவு செய்த வனத்துறை விடுதியில் இரு இரவுகள் தங்கி, ஆறாம் நாள் திரும்புதல். இறங்குகையில் பிரேக்கையே நம்பாது, ஏறிய கியரிலேயே இறங்குக. ஏழாம் நாளும் எட்டாம் நாளும் வீட்டுவண்டியுடன் முன்போலவே இரு கட்டமாக மீளுதல். ஆக எட்டு நாட்கள்.

தெப்பக்காட்டில் பாலத்தின்மேல் செல்லும்போது கீழே ஓடும் ஆற்றை நம்மவர் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் தகும். அது மோயாறு. முதுமலையினூடே ஓடி, பள்ளத்தாக்கில் வீழ்ந்து, பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் பவானியுடன் கலக்கின்றது. பவானி, கூடுதுறையில் காவிரியை அடைகின்றது. இடைவழியில் பல வயல்களுக்குப் பயன்பட்டு எஞ்சிய அந்நீர், முக்கொம்பும் கல்லணையும் கடந்து நம் வாய்க்கால்களில் வருகின்றது. அக்காடு பெய்யும் மழையைத் தாங்கி மெல்ல மெல்ல விடுதலால்தான் அவ்வாறு உயிரோடுள்ளது. ஆகவே முதுமலை நம்மவர்க்கு வெறும் காட்சிப்பொருளன்று. நம் நெல்லுக்கு நீரூட்டும் தாய்மாருள் ஒருத்தியின் வீடு. ஒரு பிளாஸ்டிக் உறையை அங்கே எறிதலும், ஒரு தீக்குச்சியை அணையாது விடுதலும் நம் வயலின் தலைமடையில் செய்யும் குற்றங்களேயாம்.

மனையை உடன்கொண்டு செல்வோர்க்குச் செருக்கு ஒன்று உண்டாதல் இயல்பு: விரும்பிய இடத்தில் நிறுத்தி விரும்பியவாறு தங்கலாம் என்பது. மாட்டின் களைப்பறிந்து, பிறர் நிலமறிந்து, நீர்த்துறை அறிந்து அவிழ்த்த நம் முன்னோர்க்கு அச்செருக்கு இருந்ததில்லை. அவ்வறிவோடு செல்வோர்க்கு மலையும் காடும் வழிவிடும், ஊரும் இடந்தரும். இவ்வாண்டு அறுவடைக்குப் பின் இவ்வழி செல்ல எண்ணும் நண்பர்கள், முதலில் ஓர் எடைமேடைக்கும், அடுத்து மேட்டுப்பாளையத்தில் ஒரு முற்றத்திற்கும் ஏற்பாடு செய்துகொள்வார்களாக. ஏனையவை அவற்றின்பின் எளிதில் அமையும்.